தியாகம் என்னும் சொல்

தமிழ் மேடைகளில் நாம் மிகுதியாகச் செலவழித்துவிட்ட சொற்களுள் ‘தியாகம்’ என்பதும் ஒன்று. பெற்றோரின் தியாகம், முன்னோரின் தியாகம், தோட்டப்புற மக்களின் தியாகம் என்று அச்சொல்லை எடுத்தாளாத விழாவும் இல்லை. ஆண்டு மலரும் இல்லை. நானும் அதற்கு விலக்கானவன் அல்லன். முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி 2009ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றபோது, தானா ராத்தாவில் நண்பர்கள் அளித்த விருந்தில் நன்றியுரை ஆற்றினேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த என் தமக்கையாரைச் சுட்டி, “நான் கற்ற ஒவ்வோர் எழுத்தும் என் அக்காளின் தியாகம்” என்றேன். அவையோர் கைதட்டினர். சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டதையும் கண்டேன். உரை நன்றாக அமைந்துவிட்டது என்னும் நிறைவோடு வீடு திரும்பினேன்.

வண்டியில் அக்காள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. ரிங்லெட் நோக்கி இறங்கும் வளைவுகளில் பனிமூட்டம் கவிந்திருந்தது. திடீரென்று, “தியாகம்னு சொல்லாதே தம்பி. அன்னைக்கு என்னை யாரும் கேட்கலையே” என்றார். அவர் குரலில் சினம் இல்லை; குறையும் இல்லை. தவறாகக் கணக்கிட்ட சில்லறையைத் திருப்பித் தருகிறவரைப் போலச் சொன்னார். பிறகு, வீட்டில் அரிசி இருக்கிறதா என்பதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

இலக்கணமும் இலக்கியமும் கற்பித்த எனக்கு அச்சொல்லின் பொருளைக் கற்பித்தவர் நான்காம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒருவர். அன்று தொட்டு என்னுள் ஓடிக்கொண்டிருக்கும் சிந்தனையையே இங்கு எழுத முனைகிறேன்.

நாங்கள் பிறந்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு குறித்து வைத்தார். தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் அமைந்தது. அதை ஒட்டித் தேயிலையும் வளர்ந்தது. தானா ராத்தா என்றால் மலாய் மொழியில் சமநிலம் என்று பொருள். மலைக்கு நடுவே சிறிது சமமாகக் கிடைத்த இடத்துக்கு அப்பெயர் பொருந்தும். எங்கள் லயம் இருந்த சரிவுக்கு அது பொருந்தாது.

என் தாய் கொழுந்து பறிப்பவர். தந்தையார் புல்வெட்டிலும் கவ்வாத்திலும் மாறி மாறி வேலை செய்தவர். 1960ஆம் ஆண்டில் எங்கள் கடைசித் தம்பி பிறந்தான். ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிச் சென்ற சில வாரங்களிலேயே அவனுக்கு மார்ச்சளி கண்டது. மலைக்குளிரில் விடியற்காலையில் பச்சிளங்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்பதை அம்மலையில் வாழ்ந்தவர்கள் அறிவர். தாய் வேலையை விட்டால் ஒரு பேர் போய்விடும். ஒரு பேர் போனால் மளிகைக் கடன் கட்ட இயலாது. அப்போது அக்காளுக்கு வயது பத்து. ஒரு திங்கட்கிழமை காலையில் எனக்கு மட்டும் தலைவாரி விடப்பட்டது. அவ்வளவுதான். அழுகை இல்லை, பேச்சுவார்த்தை இல்லை. பள்ளிப் பதிவேட்டில் அக்காளின் பெயருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழுந்தது.

அதன் பின்னர் அக்காளின் நாள் எப்படிக் கழிந்தது என்பதை நான் அன்று கவனித்ததில்லை. பின்னாளில் அவரிடமே கேட்டுக் கேட்டு அறிந்துகொண்டேன். பெரட்டுக்குத் தாய் புறப்படும் முன்பே எழுந்து அடுப்பு மூட்ட வேண்டும். தம்பிக்கு வெந்நீர் வைக்க வேண்டும். விறகு பொறுக்க வேண்டும்; மழைநாளில் ஈரவிறகை அடுப்பின் மேற்புறம் அடுக்கிக் காயவைக்க வேண்டும். பத்து மணியளவில் குழந்தையை இடுப்பில் சுமந்து, தாய் பறிக்கும் மலைக்கு ஏறிச் சென்று பால் கொடுக்கச் செய்து, மீண்டும் இறங்க வேண்டும். தாய் எந்த மலையில் இருக்கிறார் என்பது நாளுக்கு நாள் மாறும். பனியில் ஆள் தெரியாது. “அம்மா” என்று கூப்பிட்டால் பத்துப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அக்காள் சிரிப்பார்.

என் கைகளும் சும்மா இருந்தவையல்ல. சனிக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறைகளிலும் சிறிய கூடை ஒன்றை நெற்றிவாரில் மாட்டிக்கொண்டு தாயோடு போவேன். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். முற்றிய இலை விழுந்தால் மண்டோர் ஏசுவார். சிறுவர்களின் விரல்கள் மெல்லியவை, வேகமும் உண்டு. மழை விட்டு வெயில் காட்டும் நாள்களில் கொழுந்து பொங்கி வரும். அந்நாள்களில் எங்களைப் போன்ற பிள்ளைகளின் கை விழாமல் ஒரு குடும்பம் தன் பாத்தியை முடிப்பது கடினம். நிறுவைக்கு முன்னால் என் கூடையிலுள்ளதைத் தாயின் கூடையில் கவிழ்த்துவிடுவேன். தராசில் முள் நகரும்போது, ‘இதில் என்னுடையது எவ்வளவு’ என்று மனத்துக்குள் கணக்கிடுவேன். கிராணி தாயின் அட்டையில் ஓர் எண்ணை எழுதுவார். அந்த எண் கூடியிருந்தால் எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை இன்றும் என்னால் மறுக்க முடியாது. எந்தத் தேர்வில் பெற்ற புள்ளியும் அதற்கு ஈடாகாது.

இந்தப் பெருமிதத்தை நான் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சிறுவர் உழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அடியையும் பசியையும் கண்ணீரையும் மட்டுமே காட்டுகின்றனர். கண்ணீர் தெரிந்தால் தீமையும் தெரிந்துவிடும். அதில் சிக்கல் இல்லை. மகிழ்ச்சியோடு உழைக்கும் குழந்தையிடந்தான் நம் சிந்தனை தடுமாறுகிறது. அன்பினால் கூடையைச் சுமக்கும் குழந்தைக்கு அநீதி இழைக்கப்படுகிறதா? இழைக்கப்படுகிறதென்றால் இழைப்பவர் யார்?

யாரும் இல்லை என்றே பதிவுகள் சொல்லும். என்னை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை. செக்ரோலில் என் பெயர் இருந்ததில்லை. எந்தத் துரையும் என்னை மலைக்கு அனுப்பவில்லை. அக்காளோ இன்னும் ஒருபடி மறைவில் இருந்தவர். என் உழைப்பாவது தாயின் அட்டையில் ராத்தலாக மாறியது. அக்காளின் உழைப்பு எந்தத் தராசிலும் ஏறவில்லை. பள்ளிப் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்ட பெயர் வேறெந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை.

சட்டம் இல்லாமல் இருந்ததா என்றால், இருந்தது. மலாயாவில் சிறுவர், இளையோர் வேலை குறித்த சட்டம் 1947ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1966ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் வந்தது. அச்சட்டத்தில், குடும்பத்தினரே நடத்தும் தொழிலில் பிள்ளை தன் ஆற்றலுக்கேற்ற இலேசான வேலை செய்யலாம் என்று ஒரு விலக்கு உண்டு. சிறுகடைக்காரரின் மகன் கல்லாவில் உட்காருவதையும் உழவரின் மகள் கோழிக்குத் தீனி போடுவதையும் எண்ணி அது எழுதப்பட்டிருக்கலாம். தேயிலைத் தோட்டம் எங்கள் குடும்பத் தொழில் அன்று. ஆனால் கூடை எங்கள் குடும்பத்தின் கூடை. நிறைக்குக் கூலி என்னும் ஏற்பாட்டின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. கூலி ஆளுக்கன்று, நிறைக்கு என்று வந்துவிட்டால், அந்த நிறையில் எத்தனை கைகள் கலந்தன என்று கேட்கும் தேவை முதலாளிக்கு இல்லாமல் போகிறது. கேட்காமல் இருப்பதே அவருக்கு நன்மையாகவும் ஆகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இரண்டு பெரியவர்களின் கூலி போதுமானதாக இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே இடமில்லை. மலாயாவில் 1927ஆம் ஆண்டில் இந்தியத் தொழிலாளர்க்கு நிலைக்கூலி வரையறுத்தபோது பல மாவட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் என்று வைத்தனர். 1930இல் இரப்பர் விலை வீழ்ந்தது. கூலி 40 காசும் 32 காசும் ஆயிற்று. 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்து தோட்டங்களைப் பார்வையிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், பழைய கூலியை மீட்டுத் தர வேண்டுமென்று அடுத்த ஆண்டில் தம் அறிக்கையில் பரிந்துரைத்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் கொடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள் என்பதே ஒரு பெரும் பரிந்துரையாக இருந்த காலம் அது! இதே காலத்துச் சட்டந்தான், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டந்தான், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றும் சொன்னது. ஒரு கையால் பள்ளிக் கதவைத் திறந்து, மறு கையால் பிள்ளைகளைக் காட்டுக்கு இழுத்தது அந்த ஏற்பாடு. தோட்டத் தமிழ்ப்பள்ளி என்று நாம் போற்றும் நிறுவனம் இந்த இரு கைகளுக்கும் நடுவே பிறந்ததென்பதை மாணவர்கள் அறிதல் நன்று.

தேயிலைக்கும் நிலக்கரிக்கும் என்ன தொடர்பு என்று யாரேனும் கேட்டால், நம் நாட்டில் அத்தொடர்பு ஒரே மனிதரில் அமைந்திருந்தது எனலாம். கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டில் பெரிய அளவில் தேயிலைத் தோட்டம் தொடங்கிய ஜே. ஏ. ரசல், அதற்கு முன்பே சிலாங்கூரின் பத்து ஆராங்கில் நிலக்கரிச் சுரங்கக் குழுமத்தை உருவாக்கியவர். மலாயாவின் இரயில்களை ஓட்டிய கரி அங்கிருந்து வந்தது. 1960இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. பத்து ஆராங் தொழிலாளர் 1937ஆம் ஆண்டில் நடத்திய வேலைநிறுத்தம் தனிக் கட்டுரைக்கு உரியது. இங்கு நான் நிலக்கரியைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் வேறு. பதிவேட்டில் இல்லாத குழந்தைகளை நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைத்த பெருமுயற்சி ஒன்று இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் நிகழ்ந்தது.

1842ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட அவ்வறிக்கையில் ஐந்து வயதும் ஆறு வயதும் ஆன பிள்ளைகள் வருகின்றனர். சுரங்கத்தினுள் காற்று சரியான வழியில் ஓடுவதற்காக ஆங்காங்கே மரக்கதவுகள் இருக்கும். கரி வண்டி வரும்போது கதவைத் திறக்க வேண்டும். போனதும் மூட வேண்டும். அதற்காக ஒரு குழந்தை இருட்டில், கையில் கயிற்றைப் பிடித்தபடி, நாள் முழுதும் உட்கார்ந்திருக்கும். யார்க்‌ஷரைச் சேர்ந்த சாரா கூடர் என்னும் எட்டு வயதுச் சிறுமி தன் வேலை களைப்பூட்டுவதில்லை என்றும், ஆனால் விளக்கின்றி இருப்பது அச்சமாக இருக்கிறது என்றும், வெளிச்சம் இருக்கும்போது பாடுவதாகவும், இருட்டில் பாடத் துணிவதில்லை என்றும் கூறியிருக்கிறாள். களைப்பில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறாளே, அதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கேட்க வந்த பெரியவருக்கு வருத்தம் உண்டாகக்கூடாது என்பதில் குழந்தைகளுக்குத்தான் எத்துணை அக்கறை!

அவளிருந்த வட்டாரத்திலேயே, சில்க்ஸ்டோன் என்னும் ஊரில், 1838ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் பெருமழை பெய்தது. ஹஸ்கார் சுரங்கத்தில் ஆட்களை மேலே தூக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. மேலேற வழி தேடிய பிள்ளைகள் சிலர் சரிவுப்பாதை ஒன்றின் வழியே வெளியேற முயன்றனர். பெருக்கெடுத்த ஓடை அப்பாதையில் பாய்ந்தது. காற்றுக் கதவு ஒன்றின் பின்னே நீர் அவர்களை நெருக்கியது. இருபத்தாறு பேர் இறந்தனர். மூத்தவருக்கு வயது பதினேழு, இளையவருக்கு ஏழு.

இந்த அறிக்கையில் எனக்கு நெருக்கமாகத் தோன்றிய செய்தி துயரம் அன்று, கணக்கு. கரி வண்டியை இழுத்துச் செல்லும் பிள்ளைகளைப் பல இடங்களில் சுரங்க உரிமையாளர் வேலைக்கு வைத்திருக்கவில்லை. கரி வெட்டும் தொழிலாளியே அவர்களை வைத்திருந்தார். பெரும்பாலும் தம் மகனையோ மகளையோ. வெட்டிய கரிக்குத்தான் அவருக்குக் கூலி. எனவே உரிமையாளரின் ஏட்டில் அப்பிள்ளைகள் இல்லை. எங்கள் கிராணியின் அட்டையும் அந்த ஏடும் ஒரே கையெழுத்தால் எழுதப்பட்டவை போலும்! ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் அவ்வாண்டிலேயே சட்டம் வந்தது. பெண்களும், பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்யலாகாது என்றது அது. இலண்டன்டெரி பிரபுவைப் போன்ற சுரங்க உரிமையாளர்கள் மேலவையில் எதிர்த்தனர். குடும்பங்கள் வருவாயின்றித் தவிக்கும் என்பது அன்று எழுந்த வாதங்களுள் ஒன்று. குழந்தையின் கூலி இல்லாவிட்டால் குடும்பம் பட்டினி கிடக்கும் என்பது உண்மையே. ஆனால் அவ்வுண்மையை வாதமாக எடுத்து வைப்பவர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். பெரியவரின் கூலியைத் தீர்மானிக்கும் அதிகாரம் உடையவர், அக்கூலி போதாது என்பதையே தம் பக்கத்துச் சான்றாகக் கொண்டுவருவது விந்தையிலும் விந்தை.

இனி, என் நண்பர்கள் சிலர் எழுப்பும் தடைகளுக்கு வருவேன். உழைப்பு குழந்தைக்குக் கேடு என்று எப்படிச் சொல்லலாம் என்பர். காந்தியடிகளே 1937ஆம் ஆண்டில் வார்தாவில் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தாரே என்பர். மெய்தான். நானும் பிள்ளைகளை மண்வெட்டி பிடிக்க வைத்தவன். எங்கள் பள்ளித் தோட்டத்துக் கோசுக்கு ஒருமுறை பரிசும் கிடைத்தது. ஆனால் வார்தாவில் வேலை, பிள்ளைக்காக இருந்தது. பிள்ளை கற்று முடித்ததும் வேலை நின்றுவிடும். மலையில் பிள்ளை, வேலைக்காக இருந்தது. கொழுந்து தீரும்வரை பிள்ளை நிற்க முடியாது. இரண்டிலும் கை அசைவது ஒன்றுபோலத் தோன்றும். வேறுபாடு கையில் இல்லை.

பெற்றோரைக் குறை கூறுவாரும் உளர். ஜான் ஸ்டூவர்ட் மில் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சுதந்திரம்’ பற்றிய நூலில், குழந்தைக்கு உணவும் கல்வியும் தர வழியின்றி அதனை உலகுக்குக் கொண்டுவருவது அக்குழந்தைக்கும் சமுதாயத்துக்கும் இழைக்கும் குற்றம் என்னும் கருத்தை எழுதுகிறார். மில்லின் மீது எனக்குள்ள மதிப்பு குறைந்ததன்று. ஆயினும் இதைப் படிக்கும்போதெல்லாம் என் தாயின் விரல்கள் நினைவுக்கு வருகின்றன. தேயிலைக் கறை படிந்து, நகக்கண்ணில் வெடித்து, குளிர்காலையில் மடக்க முடியாமல் இருக்கும் அவ்விரல்கள். அவரைக் குற்றவாளியாக நிறுத்த என் மனம் ஒப்பவில்லை. மனம் ஒப்பாதது வாதமாகாது என்பதை அறிவேன். ஆகவே வாதமாகவே சொல்கிறேன்: ஒருவரைக் குற்றவாளி என்பதற்கு அவருக்கு வேறு வழி இருந்திருக்க வேண்டும். என் தாய்க்கு முன்னால் இருந்தவை இரண்டே: நோயுற்ற குழந்தை, அல்லது பள்ளிக்குப் போகாத மகள். இவ்விரண்டையும் மட்டும் அவர் முன் வைத்தது யார் என்பதுதான் கேள்வி.

‘வேறு வழி’ என்னும் இவ்விடத்தில்தான் அக்காளின் சொல் எனக்கு விளங்கத் தொடங்கியது. தியாகம் என்பது கொடை. கொடை என்றால் கொடுக்காமலிருக்கவும் ஒருவருக்கு இயல வேண்டும். மறுக்க முடியாதவரிடமிருந்து போவதற்குக் கொடை என்று பெயரில்லை. எடுக்கப்பட்டது என்றுதான் பெயர். பத்து வயதுக் குழந்தை மறுக்காது. மறுக்கலாம் என்பதே அதற்குத் தெரியாது. தாயின் முகத்தைப் பார்த்தே அது தன் விருப்பத்தை அமைத்துக்கொள்ளும். குழந்தையின் அன்பு எல்லையற்றது என்று கவிஞர்கள் பாடலாம். ஆனால் அந்த எல்லையின்மைதான் அதனை எளிதில் சுரண்டத்தக்கதாக்குகிறது. நான் மலையில் அடைந்த பெருமிதமும் அவ்வாறே. அது பொய்யன்று. ஆனால் என் பெருமிதத்தால் தோட்டத்தின் கூலிச் செலவில் சில காசுகள் மிச்சமாயின என்பதும் பொய்யன்று.

அப்படியானால் அக்காள் செய்தது ஒன்றுமில்லையா என்று கேட்பீர்கள். நிறையச் செய்தார். தம்பியைப் பிழைக்க வைத்தார். என் சட்டையைத் துவைத்துக் கணப்பில் உலர்த்தித் தந்தார். என் பாடநூலை நான் உறங்கிய பின் எடுத்துப் படம் பார்த்தார் என்பதை நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு சொன்னார். இவற்றுக்கு நான் நன்றியுடையவன். ஆனால் நன்றி ஒன்று, கணக்குத் தீர்ப்பது வேறொன்று. மேடையில் ‘தியாகம்’ என்று சொன்னபோது நான் நன்றி கூறவில்லை, கணக்கைத் தீர்த்துவிட்டேன். எடுத்துக்கொண்டதைக் கொடுத்ததாக எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கைதட்டல் அதற்குச் சாட்சியாயிற்று.

இத்தவறு எனக்கு அன்றுதான் வந்ததன்று. ஆசிரியர்களாகிய உங்களிடம் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1980களில் நான் பணியாற்றிய ஒரு தோட்டப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கொழுந்து மிகுந்த வாரங்களில் வரமாட்டான். வந்தாலும் முதல் பாடத்திலேயே உறங்கிவிடுவான். காரணம் அறிந்தபோது என் நெஞ்சு நெகிழ்ந்தது. திங்கட்கிழமைப் பொதுக்கூட்டத்தில் அவனை முன்னால் அழைத்து, ‘தாய்க்குத் துணை நிற்கும் தனயன்’ என்று பாராட்டி, ஓர் எழுதுகோலும் அளித்தேன். அடுத்த வாரம் அவனோடு இன்னும் இருவர் வரவில்லை. பாராட்டு என்பது எத்துணை வலிய ஏவல் என்பதை அன்று உணர்ந்திருக்க வேண்டும். உணரவில்லை. வருகைப் பதிவேட்டில் வட்டம் போட்டேன், அவ்வளவே. அவன் வீட்டுக்கு நடந்து போய்த் தாயோடு பேசியிருக்கலாம். மண்டோரிடம் பேசியிருக்கலாம். பிற்பகலில் அவனுக்குத் தனியாகப் பாடம் சொல்லியிருக்கலாம். இவற்றில் எதுவும் பெரிய செயல் அன்று.

இன்று நிலை மாறியிருக்கிறது. 2003ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் தொடக்கக் கல்வி கட்டாயம். 2019ஆம் ஆண்டில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம், வேலைக்குரிய குறைந்த வயதைப் பதினான்கிலிருந்து பதினைந்தாக உயர்த்தியது. கேமரன் மலைத் தமிழ்ப்பள்ளிகளில் கொழுந்துக் காலத்தில் வகுப்பு வெறிச்சோடும் காட்சி இப்போது இல்லை. கூடையும் பெரும்பாலும் இல்லை. கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. இயந்திரத்தைப் பிடித்துச் செல்பவர்களும் பலர் நம்மவர் அல்லர். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். நம் பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கிவிட்டனர். மகிழத்தக்க செய்தி.

ஆனால் மலை வெறுமையாகிவிடவில்லை. கட்டாயக் கல்வி பற்றிய விதி, குடியுரிமை உள்ள பெற்றோரையே கட்டாயப்படுத்துகிறது. ஆவணமில்லாத பெற்றோரின் பிள்ளைக்குப் பதிவேட்டில் இடம் கிடைப்பது அரிது. நாட்டின் செம்பனைத் தோட்டங்களில் 2018ஆம் ஆண்டில் அரசு எடுத்த ஆய்வே, அங்கு உழைக்கும் சிறுவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்று மதிப்பிட்டது. உதிரிப் பழம் பொறுக்கிப் பெற்றோரின் சாக்கில் போடும் பிள்ளையின் பெயரும் தோட்டத்து ஏட்டில் இராது. சாக்குக்குத்தான் நிறை. மொழியும் நாடும் மாறின, தராசு மாறவில்லை. நாம் ஏறி வந்த ஏணியின் கீழ்ப்படியில் இப்போது வேறு பிள்ளைகள் நிற்கின்றனர் என்றால், ‘நாங்களும் அப்படி வந்தவர்கள்தாம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டா? கடுந்துன்பம் நம்மை உயர்த்தியது என்னும் கதை கேட்க இனிமையானது. அதைச் சொல்ல மேடையேறியவர்கள் உயர்ந்தவர்கள் மட்டுமே. என் வகுப்பில் படித்த நாற்பத்திரண்டு பேரில் ஆசிரியரானவன் நான் ஒருவன். மற்றவர்களையும் அதே துன்பந்தான் வளர்த்தது.

சென்ற ஆண்டு அக்காளின் முதியோர் உதவித்தொகைக்காக ஒரு படிவம் நிரப்ப நேர்ந்தது. அவருக்குச் சேமநிதிக் கணக்கு இல்லை. தாய்க்கு இருந்தது, ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் எனக்கொரு கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். அந்தத் தொகையில் என் சிறுகூடையும் எங்கேயோ கலந்திருந்தது; தாயை மலைக்கு அனுப்பி வைத்த அக்காளின் விடியற்காலைகளும் கலந்திருந்தன. படிவத்தில் பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினேன். ‘கல்வி’ என்னும் கட்டத்தில் நான்காம் வகுப்பு என்று எழுதினேன். அடுத்த கட்டம், ‘முன்பு செய்த தொழில்’. பேனாவை நிறுத்திவிட்டு அக்காளைப் பார்த்தேன்.

“என்ன கேட்டிருக்கான்?” என்றார்.

“என்ன வேலை செஞ்சீங்கன்னு கேட்டிருக்கான் அக்கா.”

அவர் சற்று நேரம் யோசித்தார். “கேட்டுட்டானா?” என்றார். பிறகு தேநீர் போட எழுந்து உள்ளே போனார்.